கழிவுநீரைக் குடிநீராக்கிய விண்ட்ஹூக்

[காட்சி: செம்பனைத் தோட்டத்து மண்சாலை, அப்பால் சிலாங்கூர் ஆறு]

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள நம் பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் இன்றும் பழைய பெயரால் சொல்லும் பத்தாங் பெர்ஜுந்தையில், மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 400 மில்லிமீட்டர் மழையைக்கூடக் காணாத, ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கோ, 1968 முதல் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீரோடு கலந்து வருகிறது.

[காட்சி: நமீபிய வரைபடம்]

அந்நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் எல்லைகளில் மட்டுமே உள்ளன. கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்று தோன்றும். ஆனால் சுமார் 1,650 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் நகருக்கு அந்நீரை ஏற்றுவது பெருஞ்செலவு. ஆகவே, 2002-இல் திறக்கப்பட்ட புதிய கொரியங்காப் நிலையம், கலங்கலைத் திரட்டி அகற்றுதல், மணல் வடிகட்டி, ஓசோன், அழுக்கை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி, நுண்சவ்வு, குளோரின் எனப் பல தடுப்புகளைக் கழிவுநீர் கடக்கச் செய்து, நாளொன்றுக்கு 21,000 கன மீட்டர் வரை குடிநீர் தருகிறது. ஒரு தடுப்பு தவறவிட்டதை அடுத்தது பிடிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இந்த இயந்திரங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தொழிற்சாலைக் கழிவுநீரை வீட்டுக் கழிவுநீரோடு சேரவிடாமல் தனிவழியில் அனுப்பும் கட்டுப்பாடுதான். அதன் அருமை சிலாங்கூர்வாசிகளுக்குத் தெரியும்: 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆறு மாசுபட்டபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. ஆறு நிறைய நீர் இருந்தும் வீட்டுக் குழாய் வறண்டது.

[காட்சி: வோன் பாக் அணை]

சேமிப்பிலும் அவர்களுக்குச் சிக்கல் உண்டு. வெயிலில் ஆவியாகும் நீர் பெய்யும் மழையைவிடப் பல மடங்கு என்பதால், ஆழமில்லாத ஒமடாக்கோ அணையின் நீரை ஆழமான வோன் பாக் அணைக்கு மாற்றிவிடுகிறார்கள். பரப்பு குறைந்தால் இழப்பும் குறையும். அதற்கும் மேலாக, நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மிஞ்சும் நீரை நகருக்கு அடியிலுள்ள குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையின் பிளவுகளுக்குள் செலுத்தி, வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகள் வழியே எடுக்கிறார்கள். மண்ணைப்போல வடிகட்டாமல் அழுக்கை விரைவாகக் கடத்திவிடும் பிளவுகள் அவை. எனவே உள்ளே செலுத்தும் நீரையும் முன்கூட்டியே குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்தாக வேண்டியிருக்கிறது.