பச்சை வீடு: முதலில் மீட்டரைப் பார்ப்போம்

[காட்சி: வாசல் சுவரில் மின்மீட்டர்]

வணக்கம். வீட்டைப் பசுமையாக்குவது என்றதும் பலருக்கு மொட்டைமாடி சோலார்தான் நினைவுக்கு வரும். இன்று மாடிக்கெல்லாம் போக வேண்டாம். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் இந்த மீட்டர் பெட்டி வரை வந்தால் போதும்.

[காட்சி: மீட்டரின் சிவப்பு விளக்கு, நெருக்கத்தில்]

ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? எங்கள் மீட்டரில் அதன் பக்கத்தில் 3200 என்று அச்சாகியிருக்கிறது. உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம். அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஒரு சோதனை. எல்லா விளக்கையும் ஃபேனையும் அணையுங்கள். பத்து நிமிடம் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். இப்போது சிமிட்டலை எண்ணுங்கள். ஒன்றுமே ஓடாத வீட்டில் எதற்கு எண்ண வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பத்து நிமிடத்தில் 16 வந்தது.

[திரையில்: 10 நிமிடத்தில் 16 சிமிட்டல் = மணிக்கு 96; 96 ÷ 3200 = 0.03 யூனிட், அதாவது 30 வாட்]

அதாவது, இரவும் பகலும் 30 வாட் சும்மா போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் அது 43 யூனிட். குற்றவாளிகள் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள்: ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்-டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி. இன்வெர்ட்டர் நமக்கு வேண்டும், விட்டுவிட்டேன். செட்-டாப் பாக்ஸுக்கு மட்டும் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் வந்தது. வந்தது என்றால், வீட்டில் எனக்கு மட்டும்!

[காட்சி: சுழலும் மின்விசிறி]

அடுத்தது ஃபேன். நம் ஊரில் இதுதான் ஓயாமல் ஓடுவது. பழைய ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் இங்கேயும் 43 யூனிட் மிச்சம். ஒரு யூனிட்டை 5 ரூபாய் என்று வைத்தால், 3000 ரூபாய் ஃபேனின் விலை 14 பில்லில் திரும்பி வந்துவிடும்.

அதற்காக எல்லா ஃபேனையும் கழற்றிவிடாதீர்கள். விருந்தாளி அறையில் மாதம் இரண்டு நாள் ஓடும் ஃபேனை மாற்றினால், நல்ல ஃபேன் ஒன்று குப்பைக்குப் போகும், அவ்வளவுதான். கூடமும் படுக்கையறையும் போதும். மாட்டும்போது சுவரில் உள்ள ரெகுலேட்டரை விலக்கி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஃபேன் ரெகுலேட்டரோடு ஒத்துப்போகாது.

ஏ.சி. பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதை 18-க்கு இறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 2000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். அதே யூனிட்டில் அந்தப் புது ஃபேன் 33 மணி நேரம் சுற்றும்.

[காட்சி: அடுப்படி, குப்பை வாளி]

மீட்டரைப் பார்த்த கண்ணோடு குப்பை வாளியையும் ஒரு வாரம் பார்த்தேன். பெரும்பாலும் காய்த்தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல். இவற்றை உரமாக்க, அடியில் துளையிட்ட பழைய பெயின்ட் வாளி ஒன்றை எடுத்தேன். ஒரு பங்கு காய்க்கழிவு, அதன் மேல் இரண்டு பங்கு காய்ந்த சருகு, கொஞ்சம் புளித்த மோர். மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறல்.

முதல் முயற்சி நாறியது. "இதை மாடிக்கு எடுத்துக்கொண்டு போ" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தவறு என்னுடையது: மிஞ்சிய சாம்பாரையும் கொட்டியிருந்தேன். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். சருகைக் கூட்டிக் கிளறினால் இரண்டு நாளில் அடங்கும். சருகு கிடைக்காத அடுக்குமாடிக்காரர்கள் தேங்காய் நார்த்தூள் போடலாம்.

இரண்டு மாதத்தில் மண்வாசனை வரும். சலித்தால் மாங்கொட்டையும் முட்டை ஓடும் அப்படியே மிஞ்சும். அவற்றை அடுத்த வாளியில் போடுங்கள்.

[காட்சி: கறிவேப்பிலைத் தொட்டி]

எங்கள் உரம் கறிவேப்பிலைக்குப் போனது. அதன் அடியில் இப்போது நான்கு தக்காளிச் செடிகள், யாரும் விதைக்காமலே.