தோண்டாமலே தொல்லிடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? கொடுமணல் முதல் பவானிசாகர் வரை

[காட்சி: நொய்யல் வடகரை. உழுத காட்டு மண்ணில் கேமரா தாழ்வாக நகர்கிறது]

வணக்கமுங்க. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணல் இது. பதிற்றுப்பத்தில் வருகிற 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் பல கட்டமாக இங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. கல்மணிப் பட்டறை, இரும்பு உருக்கிய உலை, தமிழி (பழைய தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் என்று எவ்வளவோ கிடைத்தன. சரி, இத்தனை பெரிய காட்டில் குழி எங்கே போடுவது என்று எப்படித் தெரியும்?

முதல் வேலை நடப்பதுதானுங்க. உழவு ஓட்டி ஒரு மழை பெய்துவிட்டால் ஓட்டாஞ்சில்லெல்லாம் மேலே தெரியும். ஆய்வாளர்கள் வரிசையாக நடந்து, கிடப்பது ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே ஜிபிஎஸ்ஸில் குறிப்பார்கள். இரும்புச் சிட்டம் (இரும்பு உருக்கிய பிறகு மிஞ்சும் கசடு) குவிந்திருந்தால் பக்கத்தில் உலை இருக்கலாம். படிகக் கல் சில்லு சிதறியிருந்தால் மணி செய்த இடமாக இருக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்பார்கள். 'நத்தமேடு', 'பாண்டியன் குழி' என்று அவர்கள் சொல்லும் பெயர்கள் பழைய குடியிருப்புக்கும் ஈமக்காட்டுக்கும் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

[காட்சி: கல்வட்டங்கள், ட்ரோன் பார்வையில்]

அதன் பிறகுதான் கருவிகள். காந்தமானி எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. காந்தப்புலத்தில் இடத்துக்கு இடம் இருக்கும் சின்ன வித்தியாசத்தை அது அளக்கும். களிமண்ணை நன்றாகச் சுட்டு ஆறவிட்டால், அதிலிருக்கும் இரும்புத் துகள்களின் காந்தத்தன்மை அந்த நேரத்துப் பூமிக் காந்தப்புலத்தின் திசையிலேயே நிலைத்துவிடும். ஈராயிரம் வருசம் ஆனாலும் அந்தச் சுவடு அழியாது. அதனால் புதைந்த உலை, சூளை, அடுப்பு எல்லாம் வரைபடத்தில் தனியாகத் தெரியும். ஒரு சிக்கலும் இருக்கிறது: மண்ணிலேயே இரும்புத்தாது கலந்திருந்தால் எது உலை, எது பாறை என்று பிரிப்பது கஷ்டம். கம்பிவேலியும் போர்வெல் குழாயும் பக்கத்தில் இருந்தால் அதுவும் குழப்பும்.

தரை ஊடுருவு ரேடார் ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தோராயமாக ஆழம் சொல்லும். காய்ந்த மணற்பாங்கான மண்ணில் நன்றாக வேலை செய்யும், ஈரக் கரிசலில் அலை சீக்கிரம் அடங்கிவிடும்.

எந்தக் கருவியும் 'இந்த இடம் வேறுமாதிரி இருக்கிறது' என்று மட்டுந்தான் சொல்லும். அது என்ன, எந்தக் காலம், சரியான ஆழம் எவ்வளவு, கலையாமல் இருக்கிறதா என்பதெல்லாம் சின்னச் சோதனைக்குழி போட்டு மண் அடுக்கைப் பார்த்தால்தான் தெரியும். கரித்துண்டு கிடைத்தால் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பலாம். இந்த மதிப்பீடு ஜேசிபி வருவதற்கு முன்னால் நடந்தாக வேண்டும். மனை போட மேட்டைச் சமன் செய்த பிறகு எந்த ரேடாராலும் அந்த அடுக்கை மீட்க முடியாது.

[காட்சி: பவானிசாகர் நீர்த்தேக்கம்]

இப்போது தண்ணீருக்குள் போகலாம். 1955-இல் கட்டி முடித்த இந்த அணைக்குள் டணாயக்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருசங்களில் மாதவப்பெருமாள் கோயில் வெளியே தெரியும், அப்போது நடந்தே அளக்கலாம். நீர் நிறைந்திருந்தால் சோனார்தான், அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியைப் பிடிக்கிற கருவி. பரிசலிலிருந்துகூட ஒலியை அனுப்பலாம், கலங்கிய தண்ணீர் ஒலிக்குத் தடையில்லை. கருங்கல் ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், சேறு மங்கலாகக் காட்டும். நிற்கிற சுவருக்குப் பின்னால் ஒலி படாத நிழல் விழும், அதன் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். வண்டலுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க, சேற்றைத் துளைத்துப் போகும் தாழ்ந்த அதிர்வெண் ஒலி வேண்டும்.

ஆறு என்றால் கதை வேறு. கரூர் அமராவதி மணலில் பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன. வெள்ளம் உருட்டி வந்த காசு தன் காலத்தைச் சொல்லும், தான் புழங்கிய வீட்டைச் சொல்லாது. அதனால்தான் கிடந்த இடத்துக்கு இவ்வளவு மதிப்பு.

உங்கள் தோட்டத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து எடுக்காதீங்க. பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்க, சர்வே எண்ணைக் குறிச்சுக்குங்க, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்க. காசோ நகையோ புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது.