சிகிச்சைக்கு ஏற்ற நான்கு சுவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மனநலச் சிகிச்சையும் போதை மீட்புச் சிகிச்சையும் இன்று பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியேதான் நடக்கின்றன. ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலோ, மூடிப்போன கடை ஒன்றிலோ நடக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களைப் போய்ப் பார்த்து, சிகிச்சைக்குத் தோதுப்படுமா என்று சொல்வது என் வேலை. எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவை என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எந்த அறையில் கொடுப்பது என்பதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1955ல் அந்நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,58,000 பேர் இருந்தார்கள். ஊருக்கு வெளியே, பெரிய பெரிய வளாகங்களில் வாழ்ந்தார்கள். 1963ல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், ஊருக்குள்ளேயே சமூக மனநல மையங்கள் வரும் என்று வாக்குக் கொடுத்தது. வளாகங்கள் காலியாயின, ஆனால் வாக்குக் கொடுத்த அளவுக்கு மையங்கள் வரவில்லை. 2008ல் வந்த சமநிலைச் சட்டம், காப்பீட்டில் மனநலச் சிகிச்சை இருந்தால் அதை உடல்நோய்ச் சிகிச்சைக்கு இணையாக நடத்த வேண்டும் என்றது. 2010ன் சுகாதாரச் சட்டம் இந்தச் சிகிச்சையை, காப்பீடு தந்தே ஆக வேண்டிய அவசியப் பலன்களில் ஒன்றாகச் சேர்த்தது. பணம் கொடுக்க ஆள் வந்ததும், இடம் தேடுபவர்களும் வந்தார்கள். 2020க்குப் பிறகு அலுவலகங்கள் காலியாகிக் கிடக்க, இரண்டையும் சேர்த்து வைத்தால் போதுமே என்று கட்டட உரிமையாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

அது அவ்வளவு சுலபமில்லை. முதல் சிக்கல் சத்தம்.

சாதாரண அலுவலகச் சுவரை அண்ணாந்து பாருங்கள். பல இடங்களில் அது ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே, மேல் தளத்தின் அடிப்பக்கம் வரை வெற்றிடம். ஓர் அறையில் ஒருவர் அழுதால், அந்த அழுகை சீலிங்கைத் தாண்டி ஏறி அடுத்த அறையில் இறங்கும். குளிர்சாதனக் குழாய் இரண்டு அறைகளுக்கும் பொதுவாக இருந்தால் அதன் வழியாகவும் போகும். சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்கிறது என்பதற்கு எஸ்டிசி என்று ஓர் அளவு உண்டு. 35 என்றால் பக்கத்து அறையில் உரக்கப் பேசுவது காதில் விழும். 50ஐத் தொட்டால் அநேகமாகக் கேட்காது. அந்த 50 வேண்டுமென்றால் சுவரை மேல்தளம் வரை கொண்டுபோக வேண்டும், உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும், இரட்டைப் பலகை வைக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு உள்ளீடற்ற கதவு ஒன்றை மாட்டினால் எல்லாம் வீண். கதவு கனமாக இருக்க வேண்டும். அடியில் இடைவெளி இருக்கக் கூடாது.

இது ஆடம்பரம் இல்லை. ஒருவர் தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லும்போது, வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்டால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். அதனால், கையில் இருக்கும் பணத்தை முதலில் சுவரிலும் கதவிலும் போடுங்கள், வரவேற்பறையின் பளபளப்பு அப்புறம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்தது பார்க்கிங். தனி ஆலோசனையில் மணிக்கு ஒருவர் வருவார், போவார். தீவிர வெளிநோயாளர் திட்டம் அப்படியில்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 9 மணி நேரம். பெரும்பாலும் குழுவாக நடக்கும். பகல்நேர மருத்துவமனைத் திட்டம் என்றால் 20 மணி நேரமும் அதற்கு மேலும். காலைக் குழு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள்; அதே வேளையில் அடுத்த குழு உள்ளே நுழையும். அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு கார் நிறுத்த இடம் வேண்டும். அலுவலகத்துக்கென்று கணக்குப் போட்ட பார்க்கிங்கில் அது கிடைக்காது. மற்ற வாடகைதாரர்கள் குறை சொல்ல ஆரம்பிப்பதும் இங்கேதான். நோயாளிகளால் தொல்லை என்று பேச்சு கிளம்பும்; விசாரித்தால் தொல்லை காருக்கு இடமில்லாதது. குழுக்களுக்கு நடுவே அரை மணி நேரம் விட்டால் தீர்ந்துபோகும் விஷயம்.

தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்களைக் கவனித்தால் வேறொன்று கண்ணில் படும். எங்கு பார்த்தாலும் 16 படுக்கை. காரணம் கட்டடக் கலையில் இல்லை, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் விதியில் இருக்கிறது. மனநோய்க்கென்றே இயங்கும் நிறுவனத்தில் 21 முதல் 64 வயதுக்குள் இருப்பவர் தங்கினால், அந்தச் செலவுக்கு மத்திய அரசின் மெடிகெய்டு பணம் கிடையாது. பழைய பெரிய மருத்துவமனைகளின் செலவை மாநிலங்கள் மத்திய அரசின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று 1965ல் போட்ட தடை இது. எது நிறுவனம் என்பதற்கு 1988ல் எல்லை வகுத்தார்கள்: 16 படுக்கைக்கு மேல் இருந்தால் நிறுவனம். அதனால் கட்டுபவர்கள் 16ல் நிறுத்திக்கொள்கிறார்கள். இரவுப் பணி நர்ஸ், சமையல், காவல் என்று செலவில் பெரும்பகுதி படுக்கை குறைந்தாலும் குறையாது; 30 பேருக்குப் பகிர வேண்டியதை 16 பேருக்குப் பகிர்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்கள் விலக்கு வாங்கியிருக்கின்றன. ஆனாலும் அந்த எண் வரைபடங்களை விட்டு இன்னும் போகவில்லை.

இதே போல, நெருக்கடி நேர மையங்களில் 23 மணி நேரக் கண்காணிப்பு என்று ஒன்று உண்டு. ஒரு நாளைத் தாண்டாததால் படுக்கைக்குப் பதில் சாய்வு நாற்காலிகள் போடுகிறார்கள். 2022 ஜூலையில் 988 என்ற நெருக்கடி உதவி எண் வந்தது. அழைத்தவரைப் போனிலேயே தேற்ற முடியாவிட்டால் எங்கே அனுப்புவது? அதற்கான இடம் இந்த மையங்கள்தான்.

எல்லாம் வீடியோ அழைப்பாகத் திரைக்குப் போய்விட்டதே, இனி அறை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தனி ஆலோசனை நிறையவே திரைக்குப் போனது உண்மை. ஒற்றை அறை எடுத்திருந்த ஆலோசகர்கள் பலர் அதை விட்டுவிட்டார்கள். ஆனால் 2019ல் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் என்ற, மனச்சோர்வுக்கான மூக்குத் தெளிப்பு மருந்தைப் பாருங்கள். அதை வீட்டில் எடுத்துக்கொள்ள முடியாது. சான்று பெற்ற இடத்தில், குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது. ஆக, அமைதியான அறைகளும், வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ள வழியும் வேண்டும்.

சரி, இதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் இன்னொரு கதவு மூடியிருக்கும்: அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு. கலிஃபோர்னியாவின் ஆன்டியாக் நகரம், குடியிருப்புகளிலிருந்து 500 அடிக்குள், ஓபியாய்டு போதையிலிருந்து மீள மெத்தடோன் மருந்து கொடுக்கும் மையம் கூடாது என்று தடை போட்டது. 1999ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் எந்த இடத்தில் எது நடக்கலாம் என்று சொல்லும் இப்படிப்பட்ட மண்டல விதிகளுக்கும் பொருந்தும், பொத்தாம்பொதுவான பயத்தை வைத்துத் தடுக்க முடியாது என்றது. 2007ல் பென்சில்வேனியாவின் இதே மாதிரியான சட்டத்தை இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. நகராட்சிகள் இன்று நேரடியாகத் தடுப்பது கடினம். தடை வேறு உருவத்தில் வருகிறது. பழைய வணிக வளாகக் குத்தகைகளில், மருத்துவப் பயன்பாடு கூடாது என்று பெரிய கடைக்காரர் ஒருவர் எப்போதோ எழுதி வாங்கிய ஷரத்து இருக்கும். அந்தக் கடை நலிந்துபோயிருக்கும், ஷரத்து மட்டும் உயிரோடு இருக்கும்.

கட்டட உரிமையாளர்களிடம் நான் சொல்வது இதுதான். உரிமம் பெரும்பாலும் முகவரியோடு ஒட்டியது. ஒரு சிகிச்சை மையம் இடம் மாறினால் ஆய்வு, அனுமதி எல்லாம் மறுபடி முதலிலிருந்து. நோயாளிகளும் பழகிய இடத்தைத்தான் தேடி வருவார்கள். அதனால் ஒருமுறை குடிவந்தவர்கள் லேசில் கிளம்புவதில்லை. தயங்கி நிற்கும் உரிமையாளர் இந்த வாரமே பழைய குத்தகைகளை எடுத்து, அந்த ஷரத்து எங்கே இருக்கிறது, எந்த ஆண்டில் காலாவதியாகிறது, யார் கையெழுத்துப் போட்டால் அதை நீக்கலாம் என்று பார்க்கட்டும். சுவரை உயர்த்தச் சில வாரங்கள் போதும். ஷரத்துக்குத்தான் மாதங்கள் ஆகும்; அதை முதலில் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.