யாரும் சாமியாக ஆட வேண்டாம்

(கோத்தகிரியில் தேசிய நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து ஒரு வாய் டீ குடிக்கவும் உட்காராத நூலகர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் பனிமூட்டத்திலும் ஊட்டியிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, பேரகணியிலிருந்தும் கன்னேரிமுக்கிலிருந்தும் வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்கு நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்குங்கள் என்று கேட்டிருந்தேன். அப்படியே செய்த விழாக் குழுவினருக்கு என் நன்றி. அந்தப் புத்தகத்தைச் சிறப்பு விருந்தினர் கையாலேயே நூலகர் அம்மாவிடம் கொடுக்க வைத்தது இன்னும் சிறப்பு.

"கணினி விளையாட்டுகளில் மதம்" என்று தலைப்பைச் சொன்னதும், நூலக வாரத்தில் இது எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். எதற்கென்றால், நம் பிள்ளைகள் புத்தகத்தில் பார்க்கிற சாமிகளைவிடத் திரையில் பார்க்கிற சாமிகள்தான் இன்று அதிகம். அதைப் பற்றி நூலகத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

நான் எங்கே போனாலும் ஒரு பழமொழியைச் சொல்வேன். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். தெருநாயை விரட்டக் கல் தேடுகிற கதை என்று பலர் நினைக்கிறார்கள். அது கோயிலில் செதுக்கி வைத்திருக்கிற நாயைப் பற்றியது. சிற்பமாகப் பார்த்தால் கல் மறைந்துபோகும். கல்லாகப் பார்த்தால் சிற்பம் மறைந்துபோகும். திரையில் வருகிற சாமிக்கும் இதுதான் நடக்கிறது. ஆடுகிறவன் கண்ணுக்கு ஆட்டம் மட்டும் தெரிகிறது. கும்பிடுகிறவர் கண்ணுக்குச் சாமி மட்டும் தெரிகிறது.

மூன்று விஷயம் சொல்கிறேன். சாமியைக் கணக்காக்குவது ஒன்று. சாமியைப் பொம்மையாக்குவது இரண்டு. சாமியின் ஓசையை எடுத்துக்கொள்வது மூன்று.

முதலில் கணக்கு. பக்தியும் விளையாட்டும் சேர்வது புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம் வீடுகளில் பரமபதம் ஆடினார்கள். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் பரமபதம். தாயம் விழுந்து மேலே மேலே ஏறி, கடைசிப் படிக்குப் பக்கத்தில் பெரிய பாம்பு வாயில் விழுந்து கீழே வந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அங்கேயும் கணக்கு உண்டு. ஆனால் எந்தச் செயலுக்கு ஏற்றம், எந்தச் செயலுக்கு இறக்கம் என்று அந்தப் படம் ஒன்று சொல்ல முயன்றது.

2005இல் வந்த 'சிவிலைசேஷன் 4' என்ற விளையாட்டில் ஏழு மதங்கள் இருக்கின்றன. பௌத்தம், இந்து, யூதம், கன்பூசியம், தாவோ, கிறித்தவம், இஸ்லாம். யார் மனமும் புண்படக் கூடாது என்று ஏழுக்கும் ஒரே பலன் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெயரை மாற்றிப் போட்டாலும் ஆட்டம் மாறாது என்றால், அங்கே மதம் என்று மிஞ்சுவது நிறம் மட்டும்தானே?

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தீபாவளி விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து பேரன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு. நல்ல மழை. பக்கத்து வீட்டு அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர், மழை விடட்டும் என்று எங்கள் திண்ணையில் ஒதுங்கினார். எண்பது வயதைத் தாண்டிய படுகர் வீட்டு அம்மா. உள்ளே வாங்க என்று கூப்பிட்டு, டீயும் வர்க்கியும் கொடுத்தோம். பேரன் மடிக்கணினியில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குப் படுகு மொழிதான் வசதி, அவனுக்கு அது தெரியாது. நடுவில் நான்.

திரையில் ஒரு துறவி. அவர் ஏதோ முணுமுணுத்தபடி கையை நீட்டுகிறார். எதிரே நிற்கிற நீலச் சட்டைச் சிப்பாய் சட்டென்று சிவப்பாகிறான்.

"அவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நம்ம பக்கம் வந்துட்டான் பாட்டி. சாமியார் மந்திரம் போட்டு மதம் மாத்திட்டார்."

"என்ன சொல்லி மாத்தினார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார். சத்தம் மட்டும்தான்."

"ஒண்ணும் சொல்லாமலா மாறினான்? அவன் வீட்டுல கேக்க மாட்டாங்களா?"

பேரன் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டார். துறவியின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறியது. அது என்ன என்றார். ஒருவனை மாற்றியதும் துறவியின் நம்பிக்கை தீர்ந்துவிடும், திரும்ப ஊறினால்தான் அடுத்தவனை மாற்ற முடியும் என்று பையன் விளக்கினான். "மாத்தினவனுக்கே நம்பிக்கை தீந்து போயிருதா?" என்றார். அப்புறம் துறவி ஒரு புனிதப் பொருளைத் தூக்கிப்போய் மடத்தில் வைத்தார். அது அங்கே இருக்கிறவரை தங்கம் வந்துகொண்டே இருக்கும். "நாங்க எங்க சாமி ஹெத்தைக்குக் காணிக்கை கொண்டுபோறோம். இங்க சாமிகிட்டேருந்து காசு வருதா?" என்று கேட்டுவிட்டு வர்க்கியை டீயில் நனைத்தார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியும் அணைந்தது. இருட்டில் அவர் ஹெத்தை கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஹெத்தை என்றால் பாட்டி என்றுதான் பொருள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கதையை நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. அது அவர்கள் வாயால் சொல்ல வேண்டியது. முக்கால் மணி நேரம். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, பையன் அசையாமல் கேட்டான். முடிந்ததும், "பாட்டி, இதை கேமா செஞ்சா ஹெத்தையா யார் ஆடுறது?" என்றான். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாரும் ஹெத்தையா ஆட வேண்டாம். எல்லாரும் ஹெத்தைகிட்ட நடந்து போகட்டும்."

வெள்ளை உடுத்தி, செருப்பில்லாமல், ஊர் ஊராக, ஹெத்தை கோயில் இருக்கிற பேரகணிக்கு நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலின் எடை புரியும்.

இரண்டாவது விஷயத்துக்கு அந்த அம்மாவே அழைத்து வந்துவிட்டார். பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவிக்கு 2009இல் அனுமனை வைத்து இந்தியாவிலேயே ஒரு விளையாட்டு செய்தார்கள். அனுமனை ஒரு குழந்தை பொத்தானை அழுத்தி ஆட்டி வைப்பதா என்று அமெரிக்காவிலிருந்து எதிர்ப்பு வந்தது. 'ஸ்மைட்' விளையாட்டில் காளியைச் சண்டைக்கு இறக்கியபோதும் அதே கேள்வி எழுந்தது. செய்தவர் நாயைப் பார்த்தார், எதிர்த்தவர் கல்லைப் பார்த்தார். 2020இல் பூனாவில் ஒரு சிறு குழு 'ராஜி' என்றொரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் நாம் சாமி இல்லை, தம்பியைத் தேடிப் போகிற ஒரு பெண். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து அவள் கதையைப் பேசிக்கொண்டு வருகிறார்கள். எண்பது வயது அம்மா டீ குடித்துக்கொண்டே சொன்ன வழி அல்லவா இது!

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டில் பூட்டிய கதவு என்றால் எங்கோ ஒரு சாவி இருக்கும். 2006இல் வந்த ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பேராலயத்துக்குள்ளேயே சண்டையை வைத்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை கொதித்தெழுந்தது, அந்த விளையாட்டை வெளியிட்ட சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் ஊட்டிப் பக்கம் முத்தநாடு மந்து என்ற தோடர் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிற கோயிலைப் பாருங்கள். பூசாரியைத் தவிர தோடரே உள்ளே போவதில்லை. திறக்கக் கூடாத கதவு என்று ஒன்று உண்டு என்பதை எந்த விளையாட்டு நம் பிள்ளைகளுக்குக் காட்டியது?

காட்டவும் முடியும். அலாஸ்காவில் இனுபியாட் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அங்குள்ள பழங்குடியினர் மன்றம் ஒன்று முன்னின்று, 2014இல் 'நெவர் அலோன்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. கதை சொல்கிற குரல் அவர்கள் மொழியிலேயே பேசுகிறது. மூத்தவர்கள், கதைசொல்லிகள் என்று நாற்பது பேர் வரை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மூலக் கதையைச் சொல்லியிருந்தவர் காலமாகிவிட்டதால், அவருடைய மகளைத் தேடிப்போய் அனுமதி கேட்டார்கள். கல்லும் நாயும் ஒரே கண்ணுக்குத் தெரிந்த இடம் அது.

இங்கே என்ன நிலைமை? கோத்தர் என்ற பழங்குடி மக்களின் பெயரைத் தாங்கிய ஊர் இது. அவர்களுக்கு இருப்பதே ஏழு ஊர்கள். 1930களில் எமனோ என்ற அறிஞர் கடல் தாண்டி இந்த மலைக்கு வந்து கோத்தர் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். 1940களில் அச்சிலும் கொண்டுவந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் கேட்டார். பக்கத்துத் தெருவில் இருக்கிற நாம் கேட்டோமா? படுகர் பாட்டுகளும் இருளர் கதைகளும் குறும்பர் கதைகளும் பெரும்பாலும் வாயில்தான் இருக்கின்றன. சொல்கிறவர்கள் வயது எண்பது, எண்பத்தைந்து.

அதனால்தான் நான்கு ஆண்டுகளாக ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த நூலகத்துக்குப் பின்னால் பழைய நாளிதழ்க் கட்டுகள் கிடக்கிற அறையை ஒலிப்பதிவு அறையாக்கித் தாருங்கள். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். சிறப்பு விருந்தினர் ஐயா இன்று நேரில் வந்திருக்கிறார், அவர் அந்த அறையை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்கிறேன். கூரை ஒழுகுகிற மூலையைக் காட்ட நூலகர் அம்மாவிடம் சாவி இருக்கிறது. நாளைக்கு ஒரு பிள்ளை இந்த மலையின் சாமிகளை வைத்து விளையாட்டுச் செய்ய நினைத்தால், யாரிடம் அனுமதி கேட்பது, யார் குரலைக் கேட்பது, எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று அந்த அறைக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும்.

மூன்றாவதாக ஓசை என்று சொன்னேன். வேத ஓசை, பாங்கு, தேவாலயப் பாட்டு எல்லாம் பின்னணி இசையாகும்போது என்ன நடக்கிறது என்பது அதிலேயே ஒரு மணி நேரப் பேச்சு. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் மலைப்பாதையில் இருட்டுவதற்குள் போக வேண்டும்.

அறை கிடைக்கிறவரை காத்திருக்கப் போவதில்லை. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ கதை சொல்வார்கள் என்றால், அவர்களுக்குச் சம்மதம் என்றால், பிள்ளைகள் அதில் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். எந்தக் கதையை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் முடிவு. வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு என் கைபேசியோடு முதல் வீட்டுக்குப் போகிறோம். அது அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் வீடு. மழை பெய்தாலும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.