தொட்டிக்குள் விழும் சொட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தண்டில் இனிப்புச் சாறுள்ள இனிப்புச் சோளமோ கரும்போ பீட் கிழங்கோ, அறுவடை ஆண்டில் சில மாதங்கள்தான். எத்தனால் ஆலையோ ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். இடைப்பட்ட மாதங்களுக்கு இனிப்பைக் கெடாமல் எப்படி வைத்திருப்பது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிழிந்த சாறு சூடான நாளில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். லாக்டிக் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்கிவிடும். அப்படிப் போன சர்க்கரை பிறகு எத்தனாலாக வராது. அதனால்தான் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்குகிறோம். பிரிக்ஸ் என்பது 100 கிலோவில் கரைந்திருக்கும் சர்க்கரை எத்தனை கிலோ என்ற கணக்கு. 15 பிரிக்ஸ் சாறு 100 கிலோ எடுத்தால், 65 பிரிக்ஸுக்கு வர ஏறக்குறைய 77 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். பிழிந்த சக்கையையே கொதிகலனில் எரித்தால்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும்.

சரி, 65 வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாகில் இருக்கும் நீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் பெரும்பாலான நுண்ணுயிர்களால் அதில் வளர முடியாது, உண்மைதான். ஆனால் தொட்டியின் கூரையைப் பாருங்கள். பாகிலிருந்து எழும் ஈரம் இரவில் குளிர்ந்த தகட்டில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகப் பாகின் மேலேயே விழுகிறது. பாகு கனமானது. விழுந்த நீர் கீழே இறங்கிக் கலக்காமல் மேலே மெல்லிய படலமாக நின்றுவிடும். அடியில் பாகு கெட்டியாக இருக்கும்போதே அந்தப் படலம் நீர்த்துக் கிடக்கும். அடர்ந்த பாகிலேயே தாக்குப்பிடிக்கிற சைகோசாக்கரோமைசஸ் போன்ற ஈஸ்ட்டுகளுக்கு அது போதும். அடிக்குழாயில் மாதிரி எடுத்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதிவைப்பார்கள். மேலே நுரை கட்டியிருக்கும். மேல்மட்டத்திலிருந்தும் மாதிரி எடுங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் கெஞ்சுவது இதனால்தான். கூரைக்கு வெப்பக்காப்பு போடுங்கள். உள்ளே வடிகட்டிய, உலர்ந்த காற்றை ஓடவிடுங்கள்.

அதற்காக 75, 80 என்று ஏற்றவும் வேண்டாம். சர்க்கரை படிகமாகி அடியில் இறங்கினால் மேலே மிஞ்சுகிற பாகு இளகிவிடும்.

இன்னொன்று. சாற்றிலுள்ள முக்கியச் சர்க்கரையான சுக்ரோஸ் உடைந்து, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற எளிய சர்க்கரைகளாக ஆனால் சர்க்கரை ஆலைக்கு அது நஷ்டம், படிகம் குறையும். நமக்கு அப்படியில்லை, பின்னால் சர்க்கரையை எத்தனாலாக்க நாம் சேர்க்கும் ஈஸ்ட் எப்படியும் அதை உடைக்கத்தான் போகிறது. நாம் அஞ்ச வேண்டியது அமிலத்துக்கு. அப்புறம் சூட்டுக்கு. பாகை ஆறவிடாமல் தொட்டியில் ஏற்றினால் அது கறுத்து, தானாகவே இன்னும் சூடேறி, பின்னால் ஈஸ்ட்டின் வேலையைத் தடுக்கும் பொருள்களை உண்டாக்கிவிடும். 40 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஏற்றுங்கள்.

வாரம் ஒருமுறை பிஎச் பாருங்கள், அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு அது. ஒரு தொட்டியில் அது தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால், மருந்து தேடி நாளைக் கடத்த வேண்டாம். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே அந்தத் தொட்டியை முதலில் நொதிகலனுக்கு, அதாவது ஈஸ்ட் எத்தனாலாக்கும் கலனுக்கு, அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.