வளைந்துபோன முறுக்குக் கழியும் ரேஞ்சர் மருத்துவ வீரர்களும்

வணக்கம் நண்பர்களே, சித்தூரிலிருந்து பேசுகிறேன். போன காணொளியில் ஆசை ஆசையாக ஆர்டர் போட்டதாகச் சொன்ன டூர்னிகே, அதாவது கை காலில் கட்டி, ஒரு கழியை முறுக்கி இறுக்கி ரத்தப்பெருக்கை நிறுத்தும் பட்டை, வந்துவிட்டது. விலை 480 ரூபாய். தொடையில் மாட்டி, கழியை இரண்டாவது சுற்று முறுக்கும்போதே அது வெயிலில் கிடந்த மெழுகுவத்தியாக வளைந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், கழியைத் தவிர மற்றவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று பதில் வருகிறது. கழி போனால் மீதி இருப்பது வெறும் பெல்ட் ஐயா! 480 ரூபாய்க்கு வேலூர் பஜாரில் இதைவிட நல்ல பெல்ட் கிடைக்கும்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. தொடைத் தமனி அறுந்தவருக்குச் சில நிமிடங்களே மிச்சமிருக்கும். அந்த நிமிடங்களைக் காப்பாற்றித் தருவது இந்தக் கழிதான். சிறப்புப் படைகளில் காயமுற்றவர்களுக்குக் களத்திலேயே சிகிச்சை தரும் மருத்துவ வீரர்களைப் பற்றி நான் தொடர்ந்து பேசிவருவது உங்களுக்குத் தெரியும். அவர்களை 'இரும்பு மனம் படைத்தவர்கள்' என்று பின்னணி இசையோடு புகழும் காணொளிகள் எனக்கு அறவே பிடிக்காது. அவர்களுடைய மனத்திண்மை, பக்கத்தில் நிற்பவனுக்கும் இந்தக் கழியை முறுக்கத் தெரியும் என்ற தெம்பிலிருந்து வருவது என்பதே என் கட்சி.

அமெரிக்காவின் சிறப்புப் படைகளில் ஒன்றான 75ஆவது ரேஞ்சர் ரெஜிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் பிற்பகுதியில் அதன் தளபதியாக இருந்த ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், துப்பாக்கிச் சுடுதல், உடற்பயிற்சி, சிறுகுழுப் போர்முறை ஆகியவற்றோடு மருத்துவப் பயிற்சியையும் சேர்த்து நான்கு முதன்மைகளாக்கினார். மருத்துவ வீரர் மட்டுமல்லர், ஒவ்வொரு சிப்பாயும் ரத்தப்பெருக்கை நிறுத்தக் கற்றாக வேண்டும். 2001 முதல் 2010 வரையிலான போர்களில் அந்தப் படையில் காயமுற்றவர்கள் 419 பேர், அவர்களில் இறந்தவர்கள் 32 பேர். களத்தில் கூடுதல் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர் என்று அந்த 32 பேரில் ஒருவரைக்கூடச் சொல்ல முடியவில்லை என 2011இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. களச் சிகிச்சையில் கணிசமான பகுதியைச் செய்தவர்கள் மருத்துவ வீரர்களே அல்லர்!

ஒன்றை விட்டுவிட்டேன். குண்டு பாய்ந்துகொண்டிருக்கும்போது மருத்துவ வீரர்கள் செய்யும் மருத்துவம் ஏறக்குறைய டூர்னிகே இறுக்குவது ஒன்றுதான். மூச்சுப்பாதை, நெஞ்சுக் காயம், உடல் குளிராமல் போர்த்துவது எல்லாம் மறைவிடத்துக்கு இழுத்துப் போன பிறகு. இறுக்கிய நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். அடிபட்டவரின் உடலிலுள்ள டூர்னிகேயைத்தான் முதலில் எடுப்பார்கள், தங்களுடையதை அல்ல. அதனால்தான் குழுவில் எல்லோரும் அதை ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இருட்டில் கை தானாகப் போகும். மருத்துவ வீரரே அடிபட்டு விழுந்தாலும் இதே ஏற்பாடு அவரையும் காக்கும். இதை எந்தப் பின்னணி இசைக்காரரும் சொல்வதில்லை.

அமெரிக்கக் கதையே எதற்கு என்று கருத்துப் பகுதியில் கேட்கப்போகும் அண்ணன்மார்களுக்கு, நம் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆற்காட்டைப் பெயரிலேயே சுமந்த ஏ. ஜி. ரங்கராஜைச் சொல்கிறேன். 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவரான அந்த மருத்துவர், கொரியப் போரில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை நடத்திச் சென்றார். 1950 டிசம்பரில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டு வெளியேறும் அவசரத்தில் மருந்துகளையும் கருவிகளையும் கைவிட மனமில்லாமல், கிடைத்த நீராவி எஞ்சினுக்கு வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பித் தாங்களே ரயிலை ஓட்டிச் சென்றார்கள். மறு ஆண்டு மார்ச்சில் அவர்களில் சிலர் அமெரிக்க வான்குடைப் படையினரோடு தென் கொரியாவின் முன்சானில் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் என்ற வீர விருது கிடைத்தது. அந்த வாளி வரிசையில் நின்றவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பணம் திரும்பி வந்தால் சொல்கிறேன். அடுத்ததாக, பயிற்சிக்கென்றே விற்கும் நீல நிற டூர்னிகே வாங்கி, எங்கள் தெரு ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்மாரை ஒருவர் தொடையில் மற்றவரை முறுக்கச் சொல்லிப் படம் பிடிக்கப்போகிறேன். தெலுங்கில் கத்துவார்கள், வசனம் தமிழில் போட்டுவிடுகிறேன்.