நாய்க்கட்சி கதைக்குது: வேட்டை எண்டா கால்ல போகவேணும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில இருக்கிற அண்ணன்மார் அக்காமார், முன்னுக்குப் பாயில இருக்கிற அம்மாமார், பின்னால வாசிகசாலை மதில்ல ஏறிக் குந்தியிருக்கிற பெடியங்கள், எல்லாருக்கும் வணக்கம்.

வேட்டைக்கு முறையானது நாயோட நடந்து போறதா, வண்டியில போறதா. இதுதான் தலைப்பு, நான் நாய்க்கட்சி. வீட்டில சொன்னன், மனிசி சிரிச்சுப்போட்டு பொருத்தமான கட்சிதான் எண்டுட்டா.

தொடங்க முதல் ஒண்டு சொல்லிப்போடுறன், நாளைக்கு வனஜீவராசிக்காரர் வந்து எங்கட குசினியில சட்டிய திறந்து பாக்காம இருக்கிறதுக்கு. மான், மரை, உடும்பு எல்லாம் இந்த நாட்டில சட்டப்படி பாதுகாத்த விலங்குகள், 1937ல வந்த கட்டளைச் சட்டம் திருத்தம் திருத்தமா இண்டைக்கும் உயிரோட இருக்கு. அதால நான் ஒருத்தரையும் வேட்டைக்கு வெளிக்கிடுங்கோ எண்டு கேக்க வரேல்ல. எது முறை எண்டு நடுவர் கேட்டார், அதுக்கு மட்டும் பதில் சொல்லுறன்.

எனக்கு முதல் கதைச்ச வண்டியணித் தலைவர் அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "வேட்டைத் திருவிழாவுக்குச் சாமியே வாகனத்திலதானே போறார், பேந்து நீங்க ஆர் நடக்கச் சொல்ல" எண்டார், நீங்களும் நல்லாக் கை தட்டினியள். அண்ணை, அது குதிரை வாகனம். அதுக்கு எஞ்சினும் இல்ல டீசலும் இல்ல, அதை நாங்கதான் தோள்ல காவிக்கொண்டு வீதி முழுக்க நடக்கிறம், போன வருசம் முன் கொம்பு பிடிச்ச எனக்கு ஒரு கிழமை தோள்மூட்டு நோ. சாமி வேட்டைக்குப் போறது எங்கட கால்ல. இன்னும் வாகனக் கணக்குப் பாக்கிறதெண்டா எங்கட வைரவர் இருக்கிறார், அவருக்கு வாகனமே நாய்தான், இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

என்ர பெரியப்பாவுக்கு தம்பலகாமத்தில வயல். ரெண்டு நாய் வச்சிருந்தார், ஒண்டு மணி, மற்றது வெள்ளையன், ரெண்டும் ஊர் நாய்தான், சாதி நாய் கிடையாது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கினா ஒரு ராவுக்கே அரை வயல் உழுத மாதிரிக் கிடக்கும், அப்பதான் அவர் வெளிக்கிடுவார், சும்மா ஆசைக்குப் போற ஆளில்ல. விடியக்காத்தால கொஞ்சம் மணலை அள்ளி மேலால விட்டுப் பாப்பார், காத்து எந்தப் பக்கம் எண்டு, பிறகு காத்துக்கு எதிராத்தான் நடப்பார். நாய் முன்னுக்கு. மனிசர்ட மூக்குக்குள்ள மணம் பிடிக்கிற கலம் ஒரு 50, 60 லட்சம் எண்டு சொல்லுவினம், நாய்க்கு அது 20 கோடி 30 கோடி எண்டு போகுது, அப்ப காட்டுக்குள்ள ஆர் வாத்தியார் ஆர் மாணவன் எண்டு நீங்களே முடிவெடுங்கோ. பெரியப்பா மணிக்குப் பின்னால போற வடிவு, பள்ளிக்கூடத்தில பிந்தி வந்த பெடியன் வாத்தியாருக்குப் பின்னால போற மாதிரி இருக்கும்.

நாய் குரைக்கிறதில பாசை இருக்கு ஐயா. ஓடிக்கொண்டு குரைச்சா விலங்கு ஓடுது. ஒரே இடத்தில நிண்டு விட்டு விட்டுக் குரைச்சா பன்றி பத்தைக்குள்ள பின்பக்கத்தக் குடுத்து நிக்குது, கிட்டப் போகலாம், கவனமாப் போகவேணும். தலையத் தூக்கிக் குரைச்சா மரத்தில ஏதோ ஏறிட்டுது. வாலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு சத்தமில்லாம எங்கட காலுக்கிடையில வந்து புகுந்துதெண்டா முன்னுக்கு நிக்கிறது யானையோ கரடியோ, வேட்டைய விட்டுப்போட்டு வந்த வழியே வீட்டுக்குப் போகவேணும். எதிரணி அக்கா "வண்டி எண்டா பாதுகாப்பு" எண்டு சொன்னா. ஹபரணையில இருந்து கந்தளாய்க்கு ராவையில வந்து பாருங்கோ அக்கா, ரோட்டுக்கு நடுவில கொம்பன் நிக்கேக்க அந்த வண்டிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு எப்பிடியிருக்கெண்டு. நாய் யானைக்குக் குரைச்சு வெறியேத்தி, துரத்திக்கொண்டு வாற யானைய நேரா எங்களிட்டயே கூட்டிக்கொண்டு வாறதும் நடந்திருக்கு, அதையும் மறைக்கேல்ல. காட்டில முழுப் பாதுகாப்பு ஒருத்தருக்கும் இல்ல, இருக்கவும் கூடாது, நாங்க போறது அதுகள்ட வீட்டுக்கு.

சரி, பன்றி விழுந்துட்டுது எண்டு வையுங்கோ. என்ன செய்வினம்? நாலு காலையும் கட்டி, தடி குடுத்து, ரெண்டு பேர் முன்னும் பின்னுமாக் காவோணும். நாலு மைல். வழியில பத்துத் தரம் இறக்கி வைப்பினம். ரெண்டாவது பன்றி கண்ணுக்கு முன்னால நிண்டாலும் பெரியப்பா துவக்கத் தூக்கமாட்டார், ஏனெண்டா காவ ஆளில்ல. இதைத்தான் நான் சொல்ல வந்தது ஐயா. நடந்து போறவனுக்கு அளவ அவன்ட முதுகே சொல்லிப்போடும். சட்டம் வந்து சொல்லத் தேவையில்ல, நாரியே சொல்லும் போதும் எண்டு. கெப் வண்டியின்ட பின்தட்டுக்கு நாரி நோகுமா? அதுக்கு மூண்டும் ஒண்டுதான் முப்பதும் ஒண்டுதான். பெரியப்பா பத்துத் தரம் போனா ஏழு தரம் வெறுங்கையோட வருவார், பெரியம்மா வாசல்ல நிண்டு முருங்கைக்காய்க் கறி ரெடியா இருக்கு எண்டுவா, அந்தக் குத்தலையும் வாங்கிக்கொண்டு நாய்க்குச் சோறு வைப்பார். வண்டியில போறவன் வெறுங்கையோட வந்தா டீசல் காசு கண்ணுக்குள்ள நிக்கும், விடமாட்டான், கிடைக்கிற எதையும் சுடுவான், குட்டி எண்டும் பாக்கான் சினை எண்டும் பாக்கான். 2022ல கியூஆர் கோட் காட்டி கிழமைக்கு கொஞ்சம் பெற்றோல் வாங்கினமே, ஞாபகமிருக்கோ, அந்த வருசம் ஊரில கோட்டா இல்லாம ஓடினது நாய் ஒண்டுதான், பழஞ்சோத்தில.

இனி வண்டி வேட்டை எப்பிடி நடக்குதெண்டு பாப்பம். ராவையில கெப்புக்கு மேல ஒருத்தன் சேர்ச் லைட்டோட நிப்பான். மானுக்கு மரைக்குக் கண்ணுக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, இருட்டில கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பிப் பாக்கிறதுக்கு இயற்கை குடுத்தது. லைட் அடிச்சா அந்தப் படலம்தான் பளிச்செண்டு எரியுது, மிருகம் திகைச்சுப்போய் அப்பிடியே நிக்கும், சுடுறவனுக்கு ரெண்டு பல்பு தெரியும், நடுவில ஒரு வெடி. உயிர் தப்பக் குடுத்த கண்ணே காட்டிக் குடுக்குது. இதில சுட்டவன்ட திறமை எங்க ஐயா இருக்கு, பற்றரிக்கெல்லோ பரிசு குடுக்கவேணும்.

இன்னொண்டு இருக்கு, இது எங்கட திருகோணமலை டவுணிலயே தெரியும். கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கோட்டைக்குள்ள புள்ளிமான் நிக்குமெல்லோ, கடற்கரைக்கும் வந்து நிக்கும், பஸ் ஹோர்ன் அடிச்சாலும் திரும்பியும் பாக்காது, த்ரீவீல் முட்டுற மாதிரிப் போனாலும் பேப்பரைச் சப்பிக்கொண்டு நிக்கும். வண்டியைப் பாத்து மிருகம் பயப்பிடப் பழகேல்ல. கவுடுல்லயில மின்னேரியாவில ஜீப்ல இருந்துகொண்டு யானைய கிட்ட நிண்டு படம் எடுக்கிறம், அதே இடத்தில காலை நிலத்தில வச்சுப் பாருங்கோ. கால்ல வாறவன ஆரெண்டு அதுக்குத் தெரியும், ஆயிரக்கணக்கான வருசமா தெரியும், நாயையும் தெரியும், ஓட வேணும் எண்டும் தெரியும். வண்டி எண்டது அதுக்குச் சும்மா ஒரு சத்தம் போடுற கல்லு. அந்தக் கல்லுக்குப் பின்னால ஒளிச்சிருந்து சுடுறதுக்கு எங்கட ஊரில வேற பேர்.

கிண்ணியா மூதூர்ப் பக்கத்துப் பெடியங்கள் நிறையப் பேர் கட்டாருக்குப் போய் வந்திருப்பியள், கட்டார் ஏர்வேஸ் பிளேனின்ட வால்ல நீட்டுக் கொம்போட ஒரு தலை கீறியிருக்கும். அதுதான் அரேபிய ஓரிக்ஸ், மான் மாதிரி ஒரு பாலைவன மிருகம். பாலைவனத்து அரபிகள் சலூக்கி எண்ட மெல்லிய ஓட்ட நாயோடயும் ஒட்டகத்தோடயும் தலைமுறை தலைமுறையா வேட்டையாடின சனம், ஓரிக்ஸும் இருந்தது அவையளும் இருந்தவை. பிறகு எண்ணெய்க் காசு வந்தது, ஜீப்பும் லொறியும் நல்ல துவக்கும் வந்தது, கூட்டங் கூட்டமா வண்டியில துரத்திச் சுட்டினம். 1972ல ஓமானில கடைசி ஓரிக்ஸும் போச்சு, காட்டில ஒண்டு கூட இல்ல. பிறகு மிருகக்காட்சிச்சாலையில இருந்த மிச்சங்கள வளத்து 1982ல திரும்ப ஓமானில விட்டவை, அதாலதான் இண்டைக்கு இருக்கு. ஆயிரம் வருசம் நாய் முடிக்காததை டயர் ஒரு தலைமுறைக்குள்ள முடிச்சுது. இந்தியாவிலயும் ஒரு கதை, 1947ல நடு இந்தியாவில கொரியா எண்ட சமஸ்தானத்து மகாராஜா ராவையில வண்டியில போகேக்க மூண்டு சிவிங்கிப்புலிய சுட்டார், அந்த நாட்டில கடைசியாப் பதிவானது அதுகள்தான் எண்டு பரவலாச் சொல்லுவினம், 1952ல அரசாங்கமே இனி இல்ல எண்டு அறிவிச்சுது. மூண்டும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா இருந்ததாம். ஒரு நாய் குரைச்சிருந்தா ஒண்டாவது தப்பியிருக்கும்.

இந்த இடத்தில எதிரணித் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டவர், அதை விட்டுட்டு ஓடினா நான் ஆம்பிளையில்ல. "வண்டி இல்லாத காலத்தில மேஜர் ரோஜர்ஸ் எண்ட வெள்ளைக்காரன் இந்த இலங்கையில 1400 யானை சுட்டவனாம், அவன் நடந்துதானே போனவன்" எண்டு. சரிதான் தம்பி, எங்கட அணிக்கு அது அடிதான். ஆனா அவர் நம்பினது துவக்கை, நாயை இல்ல, செத்த யானையக் காவிக்கொண்டு வரவேண்டிய தேவையும் அவருக்கு இல்ல, விழுத்திப்போட்டு அடுத்ததுக்குப் போறதுதான். முதுகு அளவு சொல்லுற வேட்டை அது இல்ல. 1845ல அப்புத்தளையில இடி விழுந்து செத்தார், அதை நான் நியாயமாச் சொல்லேல்ல, தகவலாச் சொல்லுறன்.

சட்டம் படிக்கிற தங்கச்சி இங்கிலாந்தில 2004ல நாய் வேட்டைய தடை செய்த சட்டத்தக் காட்டினா. ஓம், செய்தவை, ஏனெண்டா அங்க குதிரையில ஏறிக்கொண்டு முப்பது நாப்பது நாயை ஒரு நரிக்குப் பின்னால விட்டவை, அது விளையாட்டு. ஆனா அதே சட்டத்தில ரெண்டு நாய் வரைக்கும் வச்சு விலங்க எழுப்பிச் சுடுறதுக்கு நிபந்தனையோட விலக்கு இருக்கு, அந்தப் பக்கத்தத் தங்கச்சி புரட்டேல்ல. பெரியப்பாட்டயும் ரெண்டு நாய்தான், கணக்குச் சரி. ஜெர்மன்காரர் இன்னும் ஒரு படி மேல, அவையளின்ட வேட்டைச் சட்டத்தில மோட்டார் வண்டியில இருந்து காட்டு விலங்கச் சுடவே கூடாது, கால் ஏலாத ஆக்களுக்கு மட்டும் அனுமதி குடுப்பினம். அது நியாயம்தான், எதிரணித் தலைவருக்கு முழங்கால் வருத்தம் எண்டா அவருக்கு மட்டும் நானும் கையெழுத்து வைக்கிறன்.

நாய்க்கு அடிபடுதே எண்டு கேட்டியள். படும். வெள்ளையன ஒரு தனியன் பன்றி பல்லால கிழிச்சுப்போட்டுது, பெரியப்பா தன்ர சாரத்தக் கிழிச்சு வயித்தச் சுத்திக் கட்டி, தோள்ல போட்டுக்கொண்டு வந்தார், அண்டைக்கு பன்றி இல்ல, நாயைத்தான் காவி வந்தார். மஞ்சள் வச்சுக் கட்டி மூண்டு கிழமை தன்ர கட்டிலுக்குக் கீழ படுக்க வச்சார். பெரியம்மா இண்டைக்கும் சொல்லுவா, எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்த மனிசன் இப்பிடிப் பாக்கேல்ல எண்டு. பிழைச்சுது, ஆனா பிறகு காட்டுக்குப் போகேல்ல, பெரியப்பாவும் கூட்டிப்போகேல்ல.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கம் தமிழ் கதைக்கிற கரையோர வேடர் இருக்கினம், அவையளின்ட பாட்டன் பூட்டன் கதைய கேட்டா அதில நாய் வரும், நடை வரும். இன்னும் பழசு வேணுமெண்டா கண்ணப்பர். திண்ணனா இருக்கேக்க முதல் வேட்டையில ஒரு பன்றி வலைய அறுத்துக்கொண்டு ஓடுது, திண்ணன் பின்னால ஓடுறார், கூட வந்த நாணனும் காடனும் மூச்சு வாங்க வாங்க ஓடினம். பன்றி களைச்சு மரத்தடியில நிக்க, அம்பு விடாமக் கிட்டப் போய் உடைவாளால முடிச்சார். அந்த ஓட்டத்தில வந்து சேர்ந்த இடம்தான் காளத்தி மலை, சிவனைக் கண்டது அங்கதான். ஜீப்பில போயிருந்தா ரோட்டு முடியிற இடத்தில திரும்பியிருப்பார், எங்களுக்கு நாயன்மார் 62 பேரோட நிண்டிருக்கும்.

மணி அடிக்கினம், முடிக்கிறன் ஐயா. வண்டியணித் தலைவர் அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. ராவு பத்து மணி, பன்குளம் தாண்டி உள் ரோட்டு, கெப்புக்கு மேல இருந்து சுட்டுட்டியள், வெடி பட்டது, ஆனா விழேல்ல, காயத்தோட பன்றி ஈச்சம் பத்தைக்குள்ள போயிட்டுது. வண்டி உள்ளுக்குப் போகாது. லைட் பத்தைக்கு வெளியில நிண்டுடும். உள்ள அது மூச்சு விடுற சத்தம் கேக்குது. நாய் இல்ல. உங்கட வண்டியில நாலு பேர், ஆர் அண்ணை இறங்கிப் போறது?